டோவர் ஸ்கூல் போர்டு 2004: விசுவாசிகள் இருந்தும் ஒழுங்கு தவறின மீட்டிங்

ஒரு கிறிஸ்தவர் ஸ்கூல் போர்டுலயோ ஸ்கூல் கமிட்டியிலயோ மெம்பரா போறார்னா நாம பொதுவா "ஜெபத்தோட போங்க, தைரியமா நில்லுங்க"ன்னு சொல்லி அனுப்பிடுறோம். அஜெண்டா எப்படி வரணும், மோஷன் (ஓட்டுக்கு வைக்கற தீர்மானம்) எப்படி வைக்கணும், மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) என்ன ஏறணும்ங்கறதெல்லாம் உலகப்பிரகாரமான விஷயம்னு ஒதுக்கிடுறோம். அப்படி ஒதுக்கினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல நடந்த கிட்ஸ்மில்லர் எதிர் டோவர் ஏரியா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வழக்க படிச்சாலே போதும். நிறைய பேருக்கு இது டார்வின் வழக்குன்னு தான் தெரியும். சயின்ஸ் பக்கத்த நான் இங்க தேவையான அளவுக்கு மட்டும் தொடறேன், என் கவனமெல்லாம் அந்த போர்டு மேஜையில என்ன நடந்துச்சுங்கறதுல தான் இருக்கு, ஏன்னா அங்க உட்கார்ந்து முடிவு எடுத்தவங்க தங்கள விசுவாசிகள்னு வெளிப்படையா சொல்லிக்கிட்டவங்க.

முதல்ல இடத்த சொல்லிடறேன். டோவர், யார்க் கவுண்டியில இருக்கு. ஒரே ஒரு ஹை ஸ்கூல், அதுல சுமார் 1,000 பிள்ளைங்க, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதி அரசு ஸ்கூல்கள நடத்துற அமைப்பு, முழுக்க சேர்த்தா சுமார் 3,700. அந்த மாநிலத்துல ஸ்கூல் போர்டுனா 9 பேர், ஊர் ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்க, 4 வருஷ பதவி, சம்பளம் கிடையாது. பதவி ஏத்துக்கறப்போ அரசியல் சட்டத்த காப்பேன், கடமைய உண்மையா செய்வேன்னு உறுதிமொழி எடுக்கணும். மீட்டிங் பொதுவுல நடக்கணும், ஊர்க்காரங்க எழுந்து பேச நேரம் கொடுக்கணும், இதுக்கு சன்ஷைன் சட்டம்னு ஒரு சட்டமே இருக்கு. இது சபை நடத்துற ஸ்கூல் இல்ல, எல்லார் வரிப்பணத்துலயும் நடக்குற ஸ்கூல்ங்கறத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

கதை 2004க்கு முன்னாடியே ஆரம்பிக்குது. ஆலன் பான்செல்ங்கற மெம்பர் 2002 ஜனவரியில போர்டோட தனி ஆலோசனைக் கூட்டத்துல தனக்கு முக்கியமான விஷயம்னு முதல்ல படைப்புவாதத்தையும் (ஆதியாகமம் சொல்றபடி தேவன் உயிர்கள படைச்சார்ங்கற விளக்கம்) அடுத்து ஸ்கூல்ல ஜெபத்தையும் சொன்னார், 2003 மார்ச்ல நடந்த கூட்டத்துலயும் படைப்புவாதத்த திரும்ப கொண்டுவந்தார். 2004ல அவர்தான் போர்டு தலைவர். பாடத்திட்டக் கமிட்டிக்கு தலைவரா வில்லியம் பக்கிங்ஹாம் இருந்தார். அந்த சமயத்துல ஒன்பதாம் கிளாஸ் பயாலஜி புக் வாங்கணும்னு டீச்சர்ஸ் கேட்டிருந்தாங்க, கென்னத் மில்லரும் ஜோசப் லெவினும் எழுதின புக். ரொம்ப நாளா தள்ளிப்போய்க்கிட்டே இருந்துச்சு. ஜூன் 7 மீட்டிங்ல ஒரு பெற்றோர் எழுந்து ஏன் இன்னும் வாங்கலன்னு கேட்டாங்க, பக்கிங்ஹாம் அந்த புக் முழுக்க டார்வினிசம், அதாவது உயிர்கள் படிப்படியா மாறி வந்துச்சுங்கற டார்வினோட பரிணாமக் கொள்கை, கலந்திருக்குன்னு பதில் சொன்னார். அடுத்த வாரம் ஜூன் 14 மீட்டிங்ல இன்னும் மேல போய், 2,000 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சிலுவையில மரிச்சார், அவருக்காக யாராவது நிக்க மாட்டீங்களான்னு கேட்டார். அதே மீட்டிங்ல அவரோட மனைவி பொதுமக்கள் பேசுற நேரத்துல எழுந்து ஆதியாகமத்துல இருந்து வசனம் சொல்லி பேசினாங்க.

அந்த அம்மா பேசினதுல ஒரு தப்பும் கிடையாது. பொதுமக்களுக்குன்னு ஒதுக்கின நேரத்துல ஒரு குடிமகள் தன் விசுவாசத்த சொன்னாங்க, அது அவங்க உரிமை. ஆனா மேஜைக்கு இந்தப்பக்கம் ஓட்டு அதிகாரத்தோட உட்கார்ந்திருக்கறவர் அதையே காரணமா வச்சு புக் வாங்கறத நிறுத்தறது வேற விஷயம், ஏன்னா அவர் அந்த நிமிஷம் தனக்காக மட்டும் பேசல, அந்த ஊர் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து அதிகாரத்த கையில வச்சுக்கிட்டு பேசறார். அமெரிக்காவுல 1987லயே எட்வர்ட்ஸ் எதிர் அகுவிலார்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட் அரசு ஸ்கூல்ல படைப்புவாதத்த பாடமா திணிக்க முடியாதுன்னு தீர்ப்பு கொடுத்திருந்துச்சு. அதனால ஜூன் மாசம் படைப்புவாதம்னு இருந்த பேச்சு, போகப்போக இன்டெலிஜென்ட் டிசைன்னு மாறுச்சு, அதாவது உயிர்களோட அமைப்புக்குப் பின்னாடி ஒரு அறிவுள்ள வடிவமைப்பாளர் இருக்கார், அது யார்னு சொல்லாம விட்டுடறதுன்னு ஒரு வாதம்.

ஆகஸ்ட் 2 மீட்டிங்ல புக் வாங்கற மோஷன் வந்துச்சு. அன்னைக்கு 8 பேர் தான் இருந்தாங்க, 4க்கு 4 ஆச்சு. இன்டெலிஜென்ட் டிசைன் பேசுற "ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்"ங்கற இன்னொரு புக்கையும் சேர்த்து வாங்கினா தான் பயாலஜி புக்குக்கு ஓட்டுன்னு பக்கிங்ஹாம் நின்னார். ஸ்கூல் திறக்க சில வாரம் தான் இருக்கு, பிள்ளைங்க கையில புக் இல்ல. கடைசியில ஒரு மெம்பர் தன் ஓட்ட மாத்தினதால 5க்கு 3ல பயாலஜி புக் பாஸ் ஆச்சு. ஒரு பொருள் மேல ஓட்டு போடறப்போ அந்தப் பொருளோட தகுதியப் பாக்கணும், அத பிணை வச்சு வேற ஒன்ன வாங்கப் பாக்கறது பேரம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்"னு ஆண்டவர் சொன்ன வார்த்தைய நான் ஓட்டுக்கும் பொருத்தித்தான் பாக்கறேன்: இந்த புக் பிள்ளைங்களுக்கு நல்லதுன்னா ஆமா, இல்லன்னா இல்ல.

ஆகஸ்ட் 26ல டிஸ்ட்ரிக்டோட சொந்த வக்கீல் சூப்பரின்டென்டென்டுக்கு (டிஸ்ட்ரிக்டோட தலைமை நிர்வாகி) ஒரு மெயில் அனுப்பினார். ஸ்கூலுக்குள்ள மதத்த கொண்டுவரணும்னு டோவர்ல சில வருஷமா வெளிப்படையா பேச்சு நடந்திருக்கு, பேப்பர்லயும் வந்திருக்கு, யாராவது கேஸ் போட்டா அது நமக்கு எதிரா போகும்னு எச்சரிக்கை. இன்டெலிஜென்ட் டிசைன பரப்பறதுக்குன்னே இருக்கற டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட் கூட இப்படி போர்டு உத்தரவா கொண்டுவராதீங்கன்னு தான் சொல்லுச்சு. ஆதரவா இருந்தது தாமஸ் மோர் லா சென்டர்ங்கற சட்ட அமைப்பு. எந்த சயின்ஸ் அமைப்பையும் போர்டு கலந்துக்கல. "ஆலோசனையில்லாத இடத்தில் ஜனங்கள் விழுந்துபோவார்கள்"னு நீதிமொழிகள் சொல்லுது. இவங்களுக்கு ஆலோசனை கிடைக்காம இல்ல, பிடிச்ச ஆலோசனைய மட்டும் வச்சுக்கிட்டு மீதிய தள்ளிட்டாங்க.

இதுக்கு நடுவுல டீச்சர்ஸ் எவ்வளவு இறங்கி வந்தாங்கன்னும் சொல்லணும். போர்டு பார்க்கச் சொன்ன வீடியோவ பார்த்தாங்க, பாண்டாஸ் புக்க ஒரு ரெஃபரன்ஸா ரூம்ல வைக்கலாம், பாடமா நடத்த மாட்டோம்னு சமரசத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. அங்கேயே நிறுத்தியிருந்தா ஊர் தப்பிச்சிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

அக்டோபர் 4 அஜெண்டாவுல ஒரு தகவல் இருந்துச்சு, பாண்டாஸ் புக் 60 காப்பி ஸ்கூலுக்கு நன்கொடையா வந்திருக்குன்னு. கொடுத்தது யார்ங்கறது இல்ல. அக்டோபர் 7ல பாடத்திட்டக் கமிட்டி டீச்சர்ஸ் இல்லாம கூடி பாடத்திட்டத்துல சேர்க்கற வாசகத்த எழுதுச்சு. அக்டோபர் 18ல அது போர்டு முன்னாடி வந்துச்சு. அந்த போர்டோட வழக்கம் என்னன்னா ஒரு விஷயம் முதல்ல திட்டமிடுற மீட்டிங்ல பேச்சுக்கு வரும், ஜனங்க கேப்பாங்க, அப்புறம் அடுத்த மீட்டிங்ல தான் ஓட்டு. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்தப் படிய தாண்டி, முதல் தடவ அஜெண்டாவுல வந்த அன்னைக்கே ஓட்டுக்கு விட்டாங்க. சயின்ஸ் டிபார்ட்மென்ட் தலைமை டீச்சர் பெர்த்தா ஸ்பார் எழுந்து எதிர்த்துப் பேசினாங்க. பலன் இல்ல. 6க்கு 3ல பாஸ் ஆச்சு: டார்வின் கொள்கையில இருக்கற இடைவெளிகள், பிரச்சினைகள் பத்தியும், இன்டெலிஜென்ட் டிசைன் உள்பட மத்த கொள்கைகள் பத்தியும் மாணவர்களுக்கு தெரியப்படுத்தணும்னு.

இந்த 6 ஓட்ட கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப வருத்தமான இடம் இது. ஆதரவா ஓட்டு போட்டவங்கள்ல பல பேருக்கு இன்டெலிஜென்ட் டிசைன்னா என்னன்னே சரியா தெரியலன்னு பிறகு கோர்ட் விசாரணையில வெளிய வந்துச்சு. ஒருத்தர் பான்செலும் பக்கிங்ஹாமும் சொன்னத நம்பி போட்டேன்னே சாட்சி சொன்னாங்க. டீச்சர்ஸ் எதிரே நின்னு வேணாம்னு சொல்றாங்க, வக்கீல் வேணாம்ங்கறார், விஷயம் புரியல, ஆனா கை மட்டும் மேல போகுது. நீதிமொழிகள் 18:13 "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்"னு சொல்லுது, அதே அதிகாரம் 17ம் வசனம் முதல்ல பேசுறவன் நீதிமான் மாதிரி தெரிவான், அயலான் வந்து பரிசோதிக்கணும்னு சொல்லுது. ரெண்டு மீட்டிங் வச்சு முடிவெடுக்கற வழக்கம் இருக்கே, அது அந்த அயலான் வந்து பரிசோதிக்கறதுக்கு கொடுக்கற நேரம் தான். அந்த நேரத்த வெட்டினவங்க ஒரு சம்பிரதாயத்த மட்டும் வெட்டல, எதிர்த்தரப்புல இருக்கற அயலானோட வாய அடைச்சிட்டாங்க.

புரியாத மெம்பர் அன்னைக்கு என்ன செஞ்சிருக்கலாம்? அமெரிக்காவுல பெரும்பாலான போர்டுகளும் சபைகளும் ராபர்ட்ஸ் ரூல்ஸ்ங்கற கூட்ட விதிகள தான் பின்பற்றுது. ஹென்றி மார்ட்டின் ராபர்ட்னு ஒரு ராணுவ இன்ஜினியர், 1863ல நியூ பெட்ஃபோர்ட்ல ஒரு பாப்டிஸ்ட் சபையில கூட்டத்துக்கு தலைமை தாங்க சொன்னாங்க, கூட்டம் அவர் கைய மீறி கலவரமாயிடுச்சு, இனி தெரியாம போய் தலைமை நாற்காலியில உட்கார மாட்டேன்னு படிக்க ஆரம்பிச்சவர் தான் 1876ல அந்த விதிகள வெளியிட்டார். ஒரு விசுவாசி சபைக்குள்ள பட்ட கஷ்டத்துல இருந்து பிறந்த விதிகள் இது, அதனால இத உலகத்தோட காரியம்னு சொல்ற விசுவாசிகளோட என்னால ஒத்துப்போக முடியல. அந்த விதிகள்படி எந்த மெம்பரும் "இத அடுத்த மீட்டிங்குக்கு தள்ளி வைக்கணும்"னு மோஷன் வைக்கலாம், இன்னொருத்தர் செகண்ட் பண்ணா (நானும் ஆதரிக்கறேன்னு சொன்னா) போதும், அது ஓட்டுக்கு வந்தே ஆகணும். இல்லன்னா டீச்சர்ஸோட சேர்ந்த ஒரு கமிட்டிக்கு திருப்பி அனுப்பணும்னு கேக்கலாம். போதும் பேசினது, ஓட்டுக்கு விடுங்கன்னு யாராவது பேச்ச முடிக்கப் பாத்தா அதுக்கு பெரும்பான்மை பத்தாது, மூணுல ரெண்டு பங்கு வேணும், ஏன்னா சிறுபான்மையா இருக்கறவங்க பேசி முடிக்கணும்ங்கறது அந்த விதிகளோட அடிப்படை. எல்லாத்துக்கும் மேல "எனக்கு இது புரியல, யாராவது விளக்குங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு விதியே தேவையில்ல, தாழ்மை போதும்.

கேரல் பிரவுனும் அவங்க கணவர் ஜெஃப் பிரவுனும் எதிர்த்து ஓட்டு போட்டாங்க, நோயல் வென்ரிச்ங்கறவர் மூணாவது ஆள். ஓட்டு முடிஞ்ச உடனே பிரவுன் தம்பதி அந்த மீட்டிங்லயே ராஜினாமா பண்ணிட்டாங்க. கேரல் பிரவுன் வாசிச்ச ராஜினாமா அறிக்கையில, நீ மறுபடியும் பிறந்தவளான்னு கடந்த ஒரு வருஷத்துல ரெண்டு தடவ என்கிட்ட கேட்டாங்க, சக மெம்பர்கிட்ட அப்படி கேக்க யாருக்கும் உரிமை இல்ல, ஒருத்தரோட விசுவாசத்த வச்சு அவங்க செய்யற சேவைய அளக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகு பக்கிங்ஹாம் அவங்கள நாத்திகவாதின்னார், பான்செல் நீ நரகத்துக்கு போவேன்னு சொன்னார்னு கோர்ட் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு.

மறுபடியும் பிறத்தல் நமக்கு எவ்வளவு அருமையான சத்தியம். நிக்கோதேமு ராத்திரியில தேடி வந்தப்போ ஆண்டவர் அன்போட உட்கார்ந்து சொன்ன விஷயம் அது. அத ஒரு போர்டு மெம்பர் எந்தப் பக்கம் ஓட்டு போடுவாங்கன்னு பாக்கற சோதனையா மாத்தினத நினைச்சா மனசு கனக்குது. கூட்ட விதிகள்ல எல்லாரும் தலைவரைப் பாத்து தான் பேசணும், பேசுற விஷயத்த பத்தி தான் பேசணும், எதிர்க்கறவரோட உள்நோக்கத்த தாக்கக்கூடாதுன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. தலைவர் தான் அத காக்கணும். டோவர்ல அந்த ஒழுங்க காக்க வேண்டிய தலைவரே சக மெம்பர நரகத்துக்கு அனுப்பினார். "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது"ன்னு கொரிந்து சபைக்கு பவுல் எழுதினதுக்கு முந்தின அதிகாரம் அன்ப பத்தினது, அந்த ரெண்டையும் பிரிச்சு வாசிக்கக்கூடாதுன்னு எனக்கு எப்பவும் தோணும்.

நவம்பர்ல அறிவிப்பு வந்துச்சு, ஒன்பதாம் கிளாஸ் பயாலஜியில ஒரு சின்ன அறிக்கை வாசிக்கப்படும்னு. டார்வின் கொள்கை ஒரு கொள்கை தான், அதுல இடைவெளி இருக்கு, வேற விளக்கம் வேணும்னா பாண்டாஸ் புக் இருக்குன்னு சொல்ற, ஒரு நிமிஷம் வாசிக்கற அளவு அறிக்கை. டிசம்பர் 14ல 11 பெற்றோர்கள் கேஸ் போட்டாங்க. ஜனவரி வந்தப்போ சயின்ஸ் டீச்சர்ஸ் வாசிக்க மறுத்துட்டாங்க, பாடத்த தெரிஞ்சே தப்பா காட்டக்கூடாதுன்னு எங்க தொழில் ஒழுக்க விதி சொல்லுதுன்னு எழுதியே கொடுத்தாங்க. அதனால நிர்வாகிகள் வந்து கிளாஸ்ல வாசிச்சாங்க, 2005 ஜனவரி 18ல. வேலை போகுமோன்னு பயம் இருந்திருக்கும், இருந்தும் உண்மைக்கு விரோதமா வாய் திறக்க மாட்டோம்னு நின்னாங்க.

இனி வரப்போறது தான் இந்தக் கேஸோட மையம். ஜனவரி 3ல, அதாவது வாசிக்கறதுக்கு முன்னாடி, போர்டுக்காரங்கள சத்தியப்பிரமாணத்துல வச்சு வக்கீல்கள் விசாரிச்சாங்க. அந்த 60 புக் எங்கிருந்து வந்துச்சுன்னு பக்கிங்ஹாமையும் பான்செலையும் கேட்டாங்க. ரெண்டு பேரும் உண்மைய சொல்லல. நடந்தது என்னன்னா பக்கிங்ஹாம் தன் சபையில எழுந்து நின்னு இந்த புக் வாங்க பணம் வேணும்னு கேட்டார், காணிக்கை சேர்ந்துச்சு, 850 டாலருக்கு ஒரு செக் எழுதினார், பான்செலோட அப்பா பேருக்கு. பான்செல் தான் அத அப்பாகிட்ட கொண்டுபோய் கொடுத்தார், அப்பா புக் வாங்கி ஸ்கூலுக்கு கொடுத்தார். ஊர்ல ஒரு முன்னாள் போர்டு மெம்பர் மீட்டிங்லயே யார் கொடுத்ததுன்னு கேட்டப்போ இந்த ரெண்டு பேரும் வாய் திறக்கல. 2005 அக்டோபர் 31ல ஜட்ஜ் ஜான் ஜோன்ஸே நேரடியா பான்செல கேள்வி கேட்டார், ஏன் உங்க அப்பா வழியா போகணும்னு. அவரால தெளிவா ஒரு பதில் சொல்ல முடியல.

பாருங்க, சபை மக்கள் கொடுத்த பணத்துல எந்த வெட்கமும் இல்ல. "எங்க சபை இந்த புக்க வாங்கி தருது, நான் தான் கேட்டேன், அதனால இந்த நன்கொடைய ஏத்துக்கற விஷயத்துல நான் ஓட்டு போடல"ன்னு அஜெண்டாவுல எழுதியிருந்தா அது ஒரு நேர்மையான காரியமா இருந்திருக்கும், சட்டத்துல ஜெயிச்சிருக்குமான்னா அது வேற கேள்வி. ஒரு மெம்பருக்கு ஒரு விஷயத்துல தனிப்பட்ட சம்பந்தம் இருந்தா அத ஓட்டுக்கு முன்னாடி வெளிய சொல்லணும், மினிட்ஸ்ல ஏறணும். மறைச்சதால விசுவாசத்தோட கொடுத்த அந்த சபை ஜனங்களோட காணிக்கையும் சேர்ந்து கோர்ட்ல கேவலப்பட்டுச்சு. மத்த எல்லாத்தையும் விட இது தான் எனக்கு கோபம் வர்ற இடம்.

ஜூன் மாச மீட்டிங் பேச்சு விஷயத்துலயும் இதே தான். படைப்புவாதம்னு நாங்க சொல்லவே இல்ல, பேப்பர்காரங்க பொய் எழுதறாங்கன்னு போர்டுக்காரங்க சாதிச்சாங்க. சிலுவை பத்தி சொன்னது 2003 நவம்பர்ல வேற விஷயத்துக்குன்னு பக்கிங்ஹாம் சொன்னார். ஆனா ரெண்டு உள்ளூர் பேப்பரோட ரிப்போர்ட்டர்களும் சாட்சிக் கூண்டுல ஏறி எழுதினது சரின்னு சொன்னாங்க, ஜட்ஜ் அவங்கள நம்பினார். போதாததுக்கு 2004 ஜூன்ல பக்கிங்ஹாம் டிவிக்கு கொடுத்த பேட்டிய கோர்ட்ல போட்டுக் காட்டினாங்க, அதுல படைப்புவாதம் மாதிரி ஒண்ண வச்சு சமன் பண்ணணும்னு அவரே சொல்றார். வாய் தவறி வந்துச்சுன்னு சொன்னார். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக"ங்கற கட்டளை அந்த ரெண்டு ரிப்போர்ட்டர்களுக்கும் பொருந்தும் இல்லையா, உண்மைய எழுதினவங்கள பொய்யர்னு சொன்னா அது பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி தானே.

இங்க மினிட்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. கூட்ட விதிகள்படி மினிட்ஸ்ல என்ன முடிவாச்சுங்கறது தான் ஏறும், யார் என்ன பேசினாங்கங்கறது ஏறாது. அதனால மினிட்ஸ்ல இல்லாதத நாம பேசவே இல்லன்னு சொல்லிடலாம்னு ஒரு சோதனை எல்லா கமிட்டிக்காரங்களுக்கும் வரும். ஆனா மேஜைக்கு முன்னாடி உட்கார்ந்து கேட்ட ஜனங்க இருக்காங்க, அவங்க ஞாபகம் இருக்கு.

விசாரணை 2005 செப்டம்பர் 26ல இருந்து நவம்பர் 4 வரைக்கும் ஹாரிஸ்பர்க்ல நடந்துச்சு. ஜூரி கிடையாது, ஜட்ஜ் மட்டும். ஜட்ஜ் ஜோன்ஸ 2002ல நியமிச்சது ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ புஷ், ஜட்ஜும் ஒரு லூத்தரன் சபைக்காரர். பெற்றோர் தரப்புக்கு முதல் நிபுணர் சாட்சியா வந்த கென்னத் மில்லர், அந்த பயாலஜி புக்க எழுதினவரே, ஒரு கத்தோலிக்க விசுவாசி. அதே தரப்புல ஜான் ஹாட்ங்கற கத்தோலிக்க இறையியல் அறிஞரும் சாட்சி சொன்னார். அதனால இத விசுவாசிகளுக்கும் அவிசுவாசிகளுக்கும் நடந்த சண்டைன்னு பிரசங்கத்துல சொல்றவங்க வழக்க படிக்காம சொல்றாங்க.

டிசம்பர் 20ல 139 பக்க தீர்ப்பு வந்துச்சு. இன்டெலிஜென்ட் டிசைன் சயின்ஸ் இல்ல, போர்டோட உண்மையான நோக்கம் மதம், அதனால அரசியல் சட்டத்துக்கு விரோதம். அதோட, தங்களோட மத நம்பிக்கைய பொதுவுல அவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டவங்களே உண்மையான நோக்கத்த மறைக்க திரும்பத்திரும்ப பொய் சொன்னாங்கங்கற கருத்துல ஜட்ஜ் எழுதின வரி இருக்கே, அத ஒரு கிறிஸ்தவனா வாசிக்கறது கஷ்டமா இருக்கு. டார்வின பத்தி நம்ம கருத்து என்னவா வேணா இருக்கட்டும், அந்த வரிக்கு நம்மகிட்ட பதில் இல்ல.

சிருஷ்டிகர நம்பறவர் ஸ்கூல் போர்டுல உட்காரக்கூடாதான்னு சிலர் கேப்பாங்க. தாராளமா உட்காரலாம், உட்காரணும். நான் இந்தக் கேஸ்ல இருந்து எடுத்துக்கிட்ட அளவுகோல் ஒண்ணு தான்: ஒரு மோஷன வைக்கறப்போ அதுக்கான உண்மையான காரணத்த அந்த மீட்டிங்லயே, ஊர்க்காரங்க முன்னாடி, வக்கீல் முன்னாடி சொல்ல முடியுமா? சொல்ல முடியும்னா வைங்க, தோத்தாலும் பரவாயில்ல. அந்தக் காரணத்த மறைச்சு வேற பேர்ல கொண்டுபோனா தான் பாஸ் ஆகும்னா அந்த மோஷன வைக்கவே கூடாது. அப்போஸ்தலர் 15ல எருசலேம்ல ஆலோசனை நடந்தப்போ மிகுந்த தர்க்கம் உண்டாச்சுன்னு வேதமே ஒளிக்காம எழுதுது. பேதுரு பேசறார், கூட்டமெல்லாம் அமைதியா இருந்து பவுலும் பர்னபாவும் சொல்றத கேக்குது, யாக்கோபு முடிவ சொல்றார், அப்புறம் அத கடிதமா எழுதி ஆள் கையில கொடுத்தனுப்பறாங்க. புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணணுமாங்கறது எவ்வளவு பெரிய கேள்வி. அதையே திறந்த கூட்டத்துல, ரெண்டு பக்கத்தையும் கேட்டு, எழுத்துல வச்சு முடிச்சாங்க.

தீர்ப்புக்கு முன்னாடியே ஊர் தன் தீர்ப்ப கொடுத்துடுச்சு. 2005 நவம்பர் 8 தேர்தல்ல 8 சீட்டுக்கு போட்டி, பழைய போர்டுக்காரங்க 8 பேரும் தோத்தாங்க. கேஸ் போட்ட பெற்றோர்கள்ல ஒருத்தரும் ஜெயிச்சு போர்டுக்குள்ள வந்தார். பக்கிங்ஹாம் அதுக்கு முன்னாடியே ராஜினாமா பண்ணிட்டு வேற மாநிலத்துக்கு போயிட்டார். 2006 ஜனவரி 3ல புது போர்டு அந்தக் கொள்கைய ரத்து பண்ணுச்சு. வக்கீல் செலவு 20 லட்சம் டாலருக்கு மேல, பேசி குறைச்சு 10,00,011 டாலருக்கு முடிச்சாங்க, அந்த 11 டாலர் கேஸ் போட்ட 11 பேருக்கும் தலா ஒரு டாலர். மீதி பத்து லட்சமும் பிள்ளைங்க படிப்புக்கு போயிருக்க வேண்டிய வரிப்பணம்.

கடைசியா பிரவுன் தம்பதியோட ராஜினாமா பத்தி. அவங்க மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு, அன்னைக்கு அவங்க பட்ட வேதனைய குறைச்சு பேசல. ஆனா போர்டுல இருக்கற நம்ம ஆட்கள் ஒண்ணு கவனிக்கணும், பென்சில்வேனியா சட்டப்படி நடுவுல ஒரு சீட் காலியானா மீதி இருக்கற மெம்பர்களே 30 நாளுக்குள்ள வேற ஆள நியமிக்கணும். அதாவது எதிர்த்து நின்னவங்க எழுந்து போனதும் அந்த சீட்ட நிரப்புற அதிகாரம் அந்த பெரும்பான்மை கைக்கே போச்சு, அப்படி நியமிச்சவங்களோட தான் அவங்க கேஸ நடத்தினாங்க. அதனால இப்படி ஒரு மேஜையில தனியா மாட்டிக்கிட்ட மெம்பர் யாராவது என்கிட்ட கேட்டா, எழுந்து போகாதீங்கன்னு தான் சொல்வேன். பேர் சொல்லி ஓட்டு எடுங்கன்னு கேளுங்க, உங்க எதிர்ப்பு ஓட்டு பேரோட மினிட்ஸ்ல ஏறட்டும், அடுத்த மீட்டிங்ல மினிட்ஸ் வாசிக்கறப்போ அது சரியா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா திருத்தச் சொல்லுங்க, அதுக்கடுத்த மீட்டிங்குக்கும் நேரத்துக்கு வந்து உட்காருங்க.